மேனேஜர் கிளாஸுக்குப் போகிறார்

ஞாயிற்றுக்கிழமை காலை பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ஒரு தனி ரக மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். நாற்பது வயது, லேசான முன்வழுக்கை, கையில் நாற்பது பக்க நோட்டு. பையனுடைய நோட்டு என்று நினைக்காதீர்கள், அவருடையதேதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியின் மேனேஜர். பார்ட் டைம் மேனேஜ்மெண்ட் கோர்ஸில் சேர்ந்திருக்கிறார். ஆறு நாள் மற்றவர்களைக் கேள்வி கேட்டு நடுங்க வைப்பவர், ஏழாம் நாள் வாத்தியார் கண்ணில் படாமல் தலையைக் குனிந்து உட்காருகிறார்.

ஆபத்து திங்கட்கிழமைதான். எனக்குத் தெரிந்த ஒருவர், டீ கொண்டுவந்தவரையே பிடித்துக்கொண்டார்.

"உன் பிராசஸ்ல எங்கப்பா வேஸ்ட் ஆகுது?"

"உங்க டம்ளர்லதான் சார். தினம் பாதி வெச்சுடறீங்க."

அப்படியானால் இந்தக் கிளாஸெல்லாம் தண்டச் செலவா? அவசரப்படாதீர்கள், ஜப்பான் வரை போய்விட்டு வருவோம்.

1950. யுத்தத்தில் நொறுங்கிப்போயிருந்த ஜப்பான். அதன் சாமான்கள் என்றால் மட்டம் என்று உலகம் சிரித்த காலம். டெமிங் என்ற அமெரிக்கப் புள்ளியியல் நிபுணர் டோக்கியோவில் இன்ஜினீயர்களுக்கும் மேனேஜர்களுக்கும் தரக் கட்டுப்பாடு பற்றிப் பாடம் நடத்தினார். எட்டே நாள். அதில் நம்மால் ஸ்கூட்டர்கூடக் கற்றுக்கொள்ள முடியாது. ஆனால் அவர் அத்தோடு விடவில்லை. ஹக்கோனே என்ற மலையூரில் பெரிய முதலாளிகளையும் ஒருநாள் உட்கார வைத்துப் பாடம் சொன்னார். வகுப்புக் குறிப்புகள் புத்தகமாக விற்றதில் தனக்கு வரவேண்டிய பணத்தையும் வேண்டாமென்று கொடுத்துவிட்டார். அதைக்கொண்டு 1951-ல் பிறந்ததுதான் டெமிங் பரிசு.

1998-ல் அந்தப் பரிசு நம்ம பாடிக்கு வந்தது. சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு, ஜப்பானியப் பேராசிரியர்களை வரவழைத்து, வேலைக்கு நடுவே பாடம் கேட்டு வாங்கிய பரிசு. இந்தியாவில் அதுதான் முதல். பிறகு 2003-ல் ரானே பிரேக் லைனிங், 2004-ல் லூகாஸ் டிவிஎஸ். எல்லாம் அம்பத்தூர், பாடி ஏரியா கம்பெனிகள்!

அப்படி என்னதான் பாடம்? டெமிங் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: தவறுகளில் பெரும்பாலானவை தொழிலாளியால் வருவதில்லை, வேலை நடக்கிற முறையால் வருகின்றன. முறையை மாற்றுகிற அதிகாரம் மேனேஜரிடம்தான் இருக்கிறது.

லேத்தில் நூறு பீஸ் ரிஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடம் கேட்காத மேனேஜர் உடனே நைட் ஷிஃப்ட் ஆளுக்கு மெமோ கொடுப்பார். ஒரு மெமோ, ஒரு இன்க்ரிமெண்ட் கட் என்றால் அந்த ஆபரேட்டர் வீட்டில் பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் இடிக்கும். பாடம் கேட்டவர், டொயோட்டாக்காரர்கள் பழக்கிய மாதிரி, ஐந்து முறை 'ஏன்' கேட்பார்.

ஏன் ரிஜெக்ட்? அளவு தப்பு. ஏன் தப்பு? டூல் தேய்ந்துவிட்டது. ஏன் மாற்றவில்லை? ஸ்டோரில் புது டூல் இல்லை. ஏன் இல்லை? இண்டெண்ட் கையெழுத்தாகவில்லை. ஏன் ஆகவில்லை?

இந்த ஐந்தாவது கேள்விக்குப் பதில் அநேகமாக மேனேஜர் மேஜையிலேயே, பேப்பர் வெயிட்டுக்கு அடியில் கிடக்கும்.

அதைக் குனிந்து எடுக்கத் தைரியம் வந்துவிட்டால் கட்டின ஃபீஸ் வசூல். வராவிட்டால் நாலு இங்கிலீஷ் வார்த்தைதான் லாபம். ஆகவே, கோர்ஸில் சேரப்போகிற இளைஞர்களுக்கு என் யோசனை இது. ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றுவதற்கு முன் ஒரு வாரம், மாற்றிய பின் ஒரு வாரம் அளந்து எழுதுங்கள். பென்சில் போதும். முடிந்தால் முதலாளியையும் ஒருநாள் கிளாஸில் உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கற்றதெல்லாம் அவர் ரூம் வாசலோடு நின்றுவிடும்.

கடைசியில் சர்டிஃபிகேட் வரும். அதை மாட்ட ஓர் ஆணி வேண்டுமென்று ஸ்டோருக்கு இண்டெண்ட் போடுங்கள். எத்தனை நாளில் ஆணி வருகிறது என்று பாருங்கள். கோர்ஸ் பலித்ததா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.