அளவு உண்டு, அளக்கும் முறை எங்கே?

ஒரு கத்தி வீட்டுப் பொருளா, ஆயுதமா? இக்கேள்விக்கு நமது சட்டம் அங்குலக் கணக்கிலும் விடை தேடுகிறது. எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்துள்ளன. வீட்டு உபயோகம், வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. 2016-இல் புதிய விதிகள் வந்தபோதும் இந்த அளவு மாறவில்லை. தில்லியில் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளுக்கு 1980-ஆம் ஆண்டு அறிவிக்கை விதித்த வரம்போ 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம்.

முனையிலிருந்து கைப்பிடி தொடங்கும் இடம் வரை அளப்பதா, தீட்டப்பட்ட விளிம்பை மட்டும் அளப்பதா? பல கத்திகளில் பிடியை ஒட்டிய பகுதி கூர் தீட்டப்படாமலே இருக்கும். வளைந்த குக்ரியை நேர்கோட்டில் அளந்தால் ஒரு நீளம், வளைவையொட்டி அளந்தால் வேறொரு நீளம். ஒரே கத்தி வரம்புக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்க முடியும். கத்தியைக் கைப்பற்றும் காவலர் தாளில் வரையும் படமும், அதில் குறிக்கும் அளவும் ஒருவரை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைக்கு அனுப்பக்கூடும். வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவருக்கு ஒரு மில்லிமீட்டரும் பெரிய தூரமே.

நீளம் மட்டுமே குற்றமாகிவிடாது என்பதையும் உச்ச நீதிமன்றம் 2024-இல் உணர்த்தியது. தில்லி அறிவிக்கை விற்பனை போன்ற நோக்கங்களுக்காக வைத்திருப்பதையே தடுக்கிறது. குற்றப்பத்திரிகையில் அந்த நோக்கம் கூறப்படவில்லை என்று சுட்டிக்காட்டி, ஒரு வழக்கை ரத்து செய்தது.

தெளிவாக விதி எழுத முடியாதா என்ன? உள்நாட்டு விமானங்களில் சீக்கியர் கிர்பான் எடுத்துச் செல்வதற்கான 2022-ஆம் ஆண்டு உத்தரவு, அலகு 6 அங்குலம், மொத்த நீளம் 9 அங்குலம் என இரண்டையும் தனித்தனியே குறிப்பிட்டது. அதே அக்கறை ஆயுத விதிகளிலும் வேண்டும்.

அலகின் முனையிலிருந்து பிடியின் தொடக்கம் வரை நேர்கோட்டில் அளக்க வேண்டும். அளவுகோலுடன் புகைப்படம் எடுக்க வேண்டும். ஐயம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே என மத்திய உள்துறை அமைச்சகம் விதியில் சேர்க்க வேண்டும். வன்முறைக் கும்பல்களை ஒடுக்குவதற்கு இது தடையாகாது. குடிமகனின் சுதந்திரத்தை அளக்கும் கோல், ஆளுக்கு ஆள் நீளவோ குறுகவோ கூடாது.