பிணம் பிறகு வரட்டும்

செம்பரம்பாக்கத்தில் நாலைந்து இளைஞர்களுக்குக் காதல் மர்மக்கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் முதல் பக்கத்திலேயே ஏரியில் ஒரு பிணத்தை மிதக்கவிடுகிறார்கள். (24 அடி ஏரி, பாவம், எத்தனையைத்தான் தாங்கும்!) காதலோ தனியாக, மூன்றாம் அத்தியாயத்தில், காப்பிக் கடையில் நடக்கிறது. அங்கேதான் கதை கெடுகிறது. யாரைக் காதலிக்கிறோமோ அவர் மேலேயே சந்தேகம் விழ வேண்டும். கொன்றது யார் என்பது போலீஸ் வேலை. இந்த ஆளை நம்பலாமா என்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள கேள்வி.

பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அதனால் பொவாலோவும் நர்ஸ்ஜாக்கும் சேர்ந்து 1954-இல் எழுதிய நாவலைப் பாடமாக வைக்கிறேன். அதைத்தான் ஹிட்ச்காக் 1958-இல் 'வெர்டிகோ' என்று எடுத்தார். அதன் சாயலில் 1965-இல் நம்ம எம்.ஜி.ஆரின் 'கலங்கரை விளக்கம்' வந்தது. நாவலில் அந்தப் பெண் யாரென்பது கடைசியில்தான் தெரியும். ஹிட்ச்காக்கோ நமக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். காதலிப்பவனுக்கு மட்டும் தெரியாது. என் ஓட்டு ஹிட்ச்காக்குக்கே. 'ஐயோ, இவனுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்' என்று பதறுகிற வாசகன் புத்தகத்தை மூட மாட்டான்.

அடுத்த வாரம் பிணம் கிடையாது. மனைவியின் கைப்பையில் ஒரு பஸ் டிக்கெட், பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு. அவள் போய்வந்ததாகச் சொன்னதோ ஸ்ரீபெரும்புதூர். இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன்.