விசா வேண்டாம் என்றால் வேலை என்று அர்த்தமா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்கலாம் என்று மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராகிம் அறிவித்தபோது, நம் இலுப்பூர்ப் பக்கம் ஒரே சந்தோஷம். இருக்காதா? திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். ஈப்போவில் சித்தப்பா, பினாங்கில் அத்தை என்று எத்தனை வீடுகளில் உறவு! சீனர்களுக்கும் அதே சலுகை கொடுத்தார்கள். நாம் போய் நாலு காசு செலவழிக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அதில் தப்பில்லை. இப்போது 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தும் இருக்கிறார்கள்.

எனக்குப் பயம் ஏஜென்டுகளிடம்தான். "விசாவே வேண்டாம் தம்பி, போய் இறங்கு, வேலையை நான் பாத்துக்கிறேன்" என்று சொன்னால் நம் பையன்கள் நம்பிவிடுவார்கள். இந்தச் சலுகை சுற்றிப் பார்க்கவும் சொந்தபந்தத்தைப் பார்க்கவும்தான். சம்பளத்துக்கு வேலை செய்தால் குற்றம். 30 நாளைத் தாண்டினாலும் குற்றம். திரும்பி வர டிக்கெட் இல்லையென்றால் விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பிவிடலாம்.

முன்பு பயண விசா என்று ஒரு தாளாவது கையில் இருக்கும். விவரம் தெரிந்த வாத்தியாரிடம் காட்டினால், "இது வேலை விசா இல்லையேப்பா" என்று சொல்லிவிடுவார். இப்போது காட்டுவதற்குத் தாளே இல்லை.

வேலைக்கென்று போகிற பிள்ளை, வேலை அனுமதி கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவர்தானா என்று சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.