குடியிருந்தாத்தான் கோட்டை நிக்கும்

பழைய அரண்மனைன்னா நம்ம மனசுல ஒரு படம் இருக்கு. வாசல்ல டிக்கெட் கவுண்டர், கயிறு கட்டி மறைச்ச அறைகள், தொடாதேன்னு ஒரு போர்டு. குரோஷியாவுல, அட்ரியாட்டிக் கடலோரம் இருக்கற ஸ்பிளிட் நகரத்துக்குப் போனா அந்தப் படம் கிழிஞ்சுடும்.

ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், கி.பி. 305-ல தானாவே பதவியைத் துறந்துட்டு, கடைசிக் காலத்தைக் கழிச்ச அரண்மனை அங்கேதான் இருக்கு. நிலவறை, தேவாலயம் மாதிரி சில இடங்களுக்குத்தான் டிக்கெட். மத்தபடி சும்மா நடந்து உள்ளே போகலாம். ஏன்னா அது இப்போ தெரு! ரோமானியச் சுவத்தை ஒட்டி வீடு, கீழே காபிக்கடை, மேலே கொடியில துணி.

கூட வந்த நண்பர், "உலகப் பாரம்பரியச் சின்னத்தை இப்படியாங்க வச்சிருப்பாங்க?"ன்னு அலுத்துக்கிட்டார். (யுனெஸ்கோ பட்டியல்ல 1979-லேயே சேர்த்தாச்சு.) எனக்கு நேர் எதிராத்தான் தோணிச்சு. ஜனங்க குடியிருந்ததாலதான் அது மிஞ்சியிருக்கு.

7-ம் நூற்றாண்டுல பக்கத்து சலோனா நகரம் அழிஞ்சப்போ, தப்பிச்சவங்க இந்த மதிலுக்குள்ள குடியேறினாங்க. சலோனா இன்னிக்கு வெறும் இடிபாடு. அரண்மனையோ ஊராயிடுச்சு. பேரரசரோட சமாதி மண்டபம் தேவாலயமாச்சு. யார் பேர்ல தெரியுமா? அவர் ஆட்சியில கொல்லப்பட்ட சலோனா பிஷப் டோம்னியஸ் பேர்ல! :-)

நிலவறை கதை இன்னும் சுவாரசியம். நூற்றாண்டுக் கணக்கா மேலேயிருந்து கொட்டின குப்பைதான் அதை மூடிக் காப்பாத்திச்சு. மேல்தளத்துல பேரரசர் வசிச்ச அறைகள் பெரும்பாலும் போயிடுச்சு. ஆனா 20-ம் நூற்றாண்டுல குப்பையை அள்ளினப்போ கிடைச்ச நிலவறை அமைப்பை வச்சு, அந்த அறைகள் எப்படி இருந்திருக்கும்னு சொல்ல முடிஞ்சுது.

குடியிருந்தவங்க எதையும் கெடுக்கலைன்னு சொல்ல வரலை. சுவத்தை இடிச்சாங்க, ஜன்னல் வெட்டினாங்க. ஆனா ஒழுகின கூரையை மாத்தினதும் அவங்கதான்.

இப்போ அவங்கதான் காலி பண்ணிட்டுப் போறாங்க. வீடுகள் ஒண்ணொண்ணா சுற்றுலாப் பயணிகள் தங்கற அறைகளா மாறுது. ராத்திரியெல்லாம் இரைச்சல். மளிகைக்கடை இருக்கற இடத்துல நினைவுப்பொருள் கடை வந்தா, குடும்பம் நடத்தறவங்க எப்படி இருப்பாங்க?

என் கட்சி இதுதான்: கல்லைப் பழுதுபார்க்கக் காசு ஒதுக்கற மாதிரி, உள்ளே குடியிருக்கறவங்களுக்கும் ஒதுக்கணும். வரிச்சலுகை கொடுக்கலாம், அறை வாடகைக்கு விடறதுக்கு ஒரு உச்சவரம்பு வைக்கலாம். அதனால சுற்றுலா வருமானம் கொஞ்சம் குறையும். குறைஞ்சா குறையட்டுமே! ஜனங்க போயிட்டா மிஞ்சறது பழைய சுவர் வச்ச ஓட்டல்தான். அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போறோம்?