தொமோனோஉரா: பாலம் வராத துறைமுகம்

யப்பானின் பழைய துறைமுகப் பட்டினங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே சொற்றொடரையே கையாளுகின்றனர். "காலம் உறைந்து நிற்கும் ஊர்" என்பதே அது. ஹிரோஷிமா மாகாணத்தின் தென்கரையிலுள்ள தொமோனோஉராவைப் பற்றியும் இதையே சொல்கிறார்கள். கேட்க இனிமையான இச்சொற்றொடர் ஒரு பெரும் உண்மையை மறைத்துவிடுகிறது. காலம் எந்த ஊரிலும் தானாக நின்றுவிடுவதில்லை. தொமோவில் நின்றுபோனது ஒரு பாலம். அதை நிறுத்தியவர்கள் அவ்வூர் மக்கள்.

அதிவேகப் புகையிரதத்தில் புக்குயாமா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் அரை மணி நேரம் சென்றால் தொமோவை அடையலாம். யப்பானின் உள்நாட்டுக் கடலான செத்தோ கடலின் ஏறக்குறைய நடுவில் இவ்வூர் அமைந்துள்ளது. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் உட்புகும் கடற்பெருக்கு இங்கேதான் சந்திக்கிறது. பாய்மரக் கப்பல்கள் நீரோட்டம் தமக்குச் சாதகமாகத் திரும்பும்வரை இத்துறையில் காத்து நின்றன. அந்தக் காத்திருப்பே ஊரை வளர்த்தது. நீராவிக் கப்பல்கள் வந்தபின் காத்திருக்க வேண்டிய தேவை அற்றுப்போக, ஊரின் செல்வமும் குறைந்தது.

எந்த நீர்மட்டத்திலும் சரக்கேற்ற உதவும் கற்படிகள், 1859இல் எழுப்பப்பட்ட கல்விளக்குக் கோபுரம், அலைதாங்கிக் கற்சுவர், மரக்கலங்களின் அடிப்பாகத்தைத் தீயால் வாட்டிப் பழுதுபார்த்த இடம், கப்பல்களைக் கண்காணித்த காவலகம் என எதோ காலத்துத் துறைமுகம் ஒன்றின் ஐந்து உறுப்புகளும் இங்கே எஞ்சியுள்ளன. இவை ஐந்தும் ஒருங்கே எஞ்சியிருப்பது யப்பானில் இங்கு மட்டுமே என்பர். ஊரிலுள்ள புக்குசென்ஜி ஆலயத்தின் விருந்தினர் மண்டபத்தில் தங்கிய கொரியத் தூதுக்குழுவினர், கொரியாவுக்குக் கிழக்கே இதற்கு நிகரான காட்சி இல்லையென 1711இல் எழுதிவைத்தனர்.

இந்தக் காட்சிக்குக் குறுக்கேதான் பாலம் அமைக்கத் திட்டமிட்டார்கள். 1983இல் உருவான திட்டம் பின்னர் சற்றுச் சுருக்கப்பட்டது. அதன்படி துறைமுகத்தில் சுமார் 2 ஹெக்டேயர் கடலை மண்ணிட்டு நிரப்பி, ஏறக்குறைய 180 மீற்றர் நீளமான பாலம் ஒன்றைத் துறையின் வாயிலில் அமைப்பது நோக்கம். உலக நினைவுச்சின்ன நிதியம் 2002இலும் 2004இலும் தொமோவை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. அதிகாரிகள் அசையவில்லை. கடலை நிரப்ப அனுமதி கோரி 2007இல் விண்ணப்பித்தவை ஹிரோஷிமா மாகாண நிர்வாகமும் புக்குயாமா மாநகரமும். அனுமதி வழங்கும் அதிகாரம் பெற்றிருந்தவரோ அதே மாகாணத்தின் ஆளுநர். கேட்கும் கையும் கொடுக்கும் கையும் ஒரே உடலில் இருக்கும்போது நீதி எங்கிருந்து வரும்?

அது நீதிமன்றத்திலிருந்து வந்தது. ஊர்வாசிகள் 160க்கும் மேற்பட்டோர் 2007இல் தொடுத்த வழக்கில், ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம் 2009 ஒக்டோபர் 1ஆம் திகதி தீர்ப்பளித்தது. ஆளுநர் அனுமதி வழங்கலாகாது என்பதே தீர்ப்பு. இக்காட்சி தேசத்தின் செல்வம், ஒருமுறை சிதைத்தால் மீட்க இயலாது, திட்டத்தின் தேவை போதியளவு ஆராயப்படவில்லை என நீதிமன்றம் கூறியது. சுற்றுக் காட்சியால் மக்கள் பெறும் நலன் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது என்பதை யப்பானிய உச்ச நீதிமன்றம் 2006இலேயே ஒப்புக்கொண்டிருந்தது. அந்த அடிப்படையில் ஓர் அரச கட்டுமானத்தைத் தொடங்குமுன்னரே தடுத்த முதல் தீர்ப்பு தொமோவுடையது. மாகாணம் மேன்முறையீடு செய்தது. எனினும், புதிய ஆளுநர் 2012இல் பாலத்தைக் கைவிட்டு, மலைப்பக்கமாகச் சுரங்கப்பாதை அமைப்பதென அறிவித்தார். 2016இல் விண்ணப்பம் மீளப் பெறப்பட்டு வழக்கு முடிவுக்கு வந்தது.

பாலத்தை விரும்பியவர்களும் அவ்வூர் மக்களே என்பதை மறைப்பது நேர்மையாகாது. தெருக்கள் குறுகியவை, இரு வாகனங்கள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். இளைஞர்கள் வெளியேற முதியோர் எஞ்சுகின்றனர். நோயாளர் வண்டி விரைந்து வரவேண்டும் என்று ஒரு மூதாட்டி கேட்பதில் என்ன தவறு? அவருடைய கோரிக்கை பாதைக்கானது. அதைத் துறைமுகத்தின் மீதே நிறைவேற்றியாக வேண்டும் என முடிவு செய்தவர்கள் திட்டமிட்டவர்கள். மலைவழி ஒன்று இருக்கையில், மக்களின் இடர்ப்பாட்டைக் காட்டிக் கடலை நிரப்ப முனைந்ததுதான் பிழை. "அபிவிருத்தியா, பழம்பெருமையா?" என்ற கேள்வியே இங்கு போலியானது. வேறு வழிகளை ஆராய மறுப்பவர்களே அதை எழுப்புகிறார்கள்.

இன்று நிலைமை தலைகீழ். 2017இல் இவ்வூரின் பழைய கட்டடத் தொகுதி தேசியப் பாதுகாப்புக்குரிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஹயாவோ மியசாக்கி 2005இல் இங்கு தங்கியிருந்தபோது 'பொன்யோ' திரைப்படத்துக்கான எண்ணங்களைத் திரட்டினார் என்பது வருவோருக்கெல்லாம் சொல்லப்படுகிறது. கால் நூற்றாண்டாக இக்காட்சியை மறைக்க முயன்ற நிர்வாகங்களுக்கு இன்று அதே காட்சி பெருமை தேடித்தருகிறது. வழக்குத் தொடுத்தவர்கள் "முன்னேற்றத்தின் தடைக்கற்கள்" என்று பேசப்பட்ட காலத்தை மட்டும் எவரும் நினைவூட்டுவதில்லை.

அதனாலேயே "காலம் உறைந்த ஊர்" என்ற வருணனையை நான் மறுக்கிறேன். அது போராடியவர்களின் உழைப்பைத் திருடி இயற்கையின் கணக்கில் எழுதிவிடுகிறது. பழையவை தாமாகவே பிழைத்துக்கொள்ளும் என்ற சோம்பலான நம்பிக்கையையும் வளர்க்கிறது. அந்த நம்பிக்கையில் இருந்த துறைமுகங்கள் எத்தனையோ இன்று சீமெந்துக்கு அடியில் கிடக்கின்றன. தொமோவுக்குச் செல்லும் வாசகர்கள் கல்விளக்கைப் படம்பிடிக்கட்டும். பின்னர் கற்படியில் அமர்ந்து, துறையின் வாயிலில் எதுவுமே இல்லாத அந்த வெளியையும் சற்று நேரம் பார்க்கட்டும். அவ்வூர் மக்கள் கட்டாமல் காத்தது அந்த வெளியைத்தான்.