மின்தூக்கிக்கு எந்த மூலை?

ஹோட்டல் கட்ட முற்படும் எம்மவர் பலர், கட்டடக் கலைஞரிடமிருந்து வரைபடம் கைக்கு வந்ததும் அதனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே செல்வது வாஸ்து நிபுணரிடமே. முன்னர் வாசல் எந்தத் திசை, கிணறு எந்த மூலை என்ற அளவில் நின்ற இந்த ஆலோசனை, இப்போது மின்தூக்கி வரை வந்துவிட்டது. ஈசான மூலையில் லிப்ட் வைத்தால் உரிமையாளருக்கு நட்டம். நிருதி மூலையில் வைத்தால் உயிராபத்து. நடுவில் வைத்தாலோ பிரமஸ்தானம் கெட்டுத் தொழிலே படுத்துவிடும். இப்படித் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. தீர்ப்புக்கு ஏற்ப வரைபடமும் மாற்றப்படுகின்றது.

இதுபற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியுள்ளது. ஒருவர் தமது வீட்டின் வாசலை எந்தத் திசைக்குத் திருப்புகிறார் என்பது அவரது சொந்த விடயம். ஹோட்டல் அப்படியன்று. அங்கே முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானோர், அவசர வழி எங்கிருக்கின்றது என்றுகூடத் தெரியாமல் உறங்குகின்றனர்.

மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்களை எழுதியவர்கள் மின்தூக்கியைக் கண்டதில்லை. கயிறு அறுந்தாலும் கூண்டு விழாமல் தடுக்கும் பொறியை எலிஷா ஓட்டிஸ் நியூயோர்க் கண்காட்சியில் மக்கள் முன்னிலையில் செய்து காட்டியது 1854இல். பயணிகளுக்கான அவரது முதலாவது மின்தூக்கி அதே நகரின் ஐந்து மாடிக் கடையொன்றில் இயங்கத் தொடங்கியது 1857இல். அப்போது அது நீராவியால் இயங்கியது என்பதால் ‘மின்’தூக்கி என்பதுகூடப் பிந்திவந்த பெயர்தான். 1859இல் ஃபிஃப்த் அவெனியூ ஹோட்டலில் லிப்ட் வந்தது. அதுவரை ஹோட்டல்களில் மேல்மாடி அறைகளே மலிவானவை. படியேறிக் களைப்பவருக்கு உயரம் ஒரு தண்டனையாக இருந்தது. லிப்ட் அதனைத் தலைகீழாக மாற்றி, உச்சி மாடியை விலை கூடியதாக்கிற்று. ஆக, இந்தக் கருவிக்கு எமது பண்டைய ஆசாரியர்கள் விதி வகுத்திருக்க வழியேயில்லை. இன்று சொல்லப்படும் ‘லிப்ட் வாஸ்து’ முழுவதும் அண்மைக்காலத் தயாரிப்பு. பழைய நூலின் பெயர் அதற்கு ஒட்டப்பட்ட முத்திரை மட்டுமே.

தயாரிப்பிலும் பிழை உண்டு. வாஸ்து நிபுணர்கள் தாமே ஏற்றுக்கொள்ளும் இரண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம். பள்ளம் வடகிழக்கில் இருக்க வேண்டும்; அதனாற்றான் கிணறு அங்கே. பாரம் தென்மேற்கில் இருக்க வேண்டும். நல்லது. லிப்ட் எது? அதன் அடியில் ஐந்தடி அளவில் ஒரு குழி உண்டு. அந்த வகையில் அது பள்ளம். அதன் உச்சியில் மோட்டாரும், பக்கத்தில் கூண்டின் எடையோடு அது சுமக்கக்கூடிய பாரத்தின் ஏறத்தாழப் பாதியையும் சேர்த்த எதிரெடையும் உண்டு. அந்த வகையில் அது பாரம். ஒரே செங்குத்துக் குழாயில் பள்ளமும் பாரமும் ஒன்றாக நிற்கும்போது, முதல் விதி அதனை வடகிழக்குக்கு அனுப்புகின்றது. இரண்டாம் விதி நேரெதிர் மூலைக்கு விரட்டுகின்றது. எனவே நிபுணர்கள் மூன்றாவது வழியொன்றைத் தேடினர். மின்சாரத்தில் இயங்குவதால் அது அக்கினி, ஆகவே தென்கிழக்கு என்றார் ஒருவர். ஓயாமல் அசைவதால் அது வாயு, ஆகவே வடமேற்கு என்றார் இன்னொருவர். இரண்டையும் ஆதரிக்கும் வாஸ்து நூல்கள் கடைகளில் அருகருகே விற்பனையாகின்றன.

மனையடி சாஸ்திரத்தின் அளவுகளை லிப்ட் கூண்டுக்கும் பொருத்திப் பார்ப்போர் உண்டு. அந்தச் சாஸ்திரத்தின் கணக்கு ஆறடியில் தொடங்குகின்றது. எட்டுப் பேர் செல்லும் வழமையான கூண்டு 1100 மில்லிமீற்றர் அகலமும் 1400 மில்லிமீற்றர் ஆழமும் கொண்டது. அகலம் நான்கடிகூட இல்லை! தொழிற்சாலை அதனைச் செய்யும்போது மனையடி பார்ப்பதில்லை.

நடுவை வெறுமையாக விடவேண்டும் என்ற விதியை நான் எள்ளி நகையாட மாட்டேன். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நடுமுற்றம் திறந்திருந்ததால் வெளிச்சமும் காற்றும் எல்லா அறைக்கும் வந்தன, மழைநீரும் வந்தது. ஒரு மாடி வீட்டுக்கு அது பட்டறிவிற் பிறந்த நல்ல ஏற்பாடு. ஆனால் பத்து மாடிக் கட்டடத்துக்கு அதனை அப்படியே ஏற்றுவது அறிவன்று. லிப்ட் குழாயைச் சுற்றியுள்ள கொங்கிறீற் சுவர்கள் பல கட்டடங்களில் முதுகெலும்பாக நிற்பவை. அவை நடுவில் நின்றால் காற்றையும் நிலநடுக்கத்தையும் கட்டடம் சமநிலையோடு தாங்கும். ஒரு மூலைக்கு ஒதுக்கினால் கட்டடம் முறுக்கத்துக்கு உள்ளாகும்; அதனை ஈடுசெய்யப் பொறியியலாளர் மறுபுறத்தில் வேறு சுவர்கள் எழுப்ப வேண்டும். அதற்கான பணத்தை வாஸ்து நிபுணர் தருவதில்லை. 1967இல் அட்லாண்டாவில் திறக்கப்பட்ட ஹையற் றீஜன்சி ஹோட்டலில் ஜோன் போர்ட்மன், 22 மாடி உயரத்துக்கு ஒரு முற்றத்தை எழுப்பி, அதனுள்ளேயே கண்ணாடி லிப்டுகளை ஏறியிறங்க விட்டார். எமது நிபுணர்களின் கணக்கில் அது பிரமஸ்தானப் படுகொலை. உலகெங்கும் அதனைப் பார்த்து ஹோட்டல்கள் எழுந்தன. அந்த ஹோட்டல் இன்றும் இயங்குகின்றது.

லிப்டின் இடம் முக்கியமே இல்லை என்று சொல்ல வரவில்லை. மிக முக்கியம். 1946 டிசம்பரில் அதே அட்லாண்டாவின் வைன்கொஃப் ஹோட்டல் எரிந்தபோது 119 பேர் மாண்டனர். தீப்பிடிக்காத ஹோட்டல் என்று விளம்பரம் செய்யப்பட்ட கட்டடம் அது. மேலிருந்து கீழிறங்க ஒரேயொரு படிக்கட்டு; அதிலும் தீயைத் தடுக்கும் கதவுகள் இல்லை. 1980 நவம்பரில் லாஸ் வேகாஸ் எம்.ஜி.எம். கிராண்ட் ஹோட்டலில் தீ மூண்டது தரைத்தளத்தில். இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் மூச்சடங்கியது மேல் மாடிகளில். லிப்ட் குழாய்கள், படிக்கட்டு வழிகள், கட்டட இணைப்பு இடைவெளிகள் ஆகியவற்றினூடாகப் புகை மேலேறிற்று. அக்குழாய்கள் எந்தத் திசையில் இருந்தன என்று புகை பார்க்கவில்லை. அடைப்பின்றி இருந்ததா என்பதே கேள்வியாயிற்று. லிப்ட் முன்றில் புகை புகாதவாறு மூடப்பட்டுள்ளதா, படிக்கட்டுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ளனவா, வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு மேலே செல்பவர் யாரென்று தெரிகின்றதா, குசினியையும் சலவையறையையும் மாடிகளோடு இணைக்கும் பணியாளர் லிப்ட் தனியாக உள்ளதா... மூலையைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசும் உரிமையாளர்கள் இவற்றைப் பற்றி ஒரு நிமிடமேனும் பேசக் கேட்டதில்லை.

வடக்கில் நான் தங்கிய ஒரு விடுதியில் இதன் விளைவைக் கண்டேன். முதல் வரைபடத்தில் லிப்ட் வாசலுக்கு நேரே, வரவேற்பறையின் மட்டத்தில் இருந்ததாம். நிபுணர் அதனைப் பின்புற வடமேற்கு மூலைக்கு மாற்றச் சொன்னார். அப்பகுதியின் தரை உயரம் வேறு. ஆகவே லிப்டை அடைய நான்கு படிகள் ஏறவேண்டும். போரில் இரண்டு கால்களையும் இழந்த ஒருவர் கருத்தரங்கொன்றுக்காகச் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். பணியாளர் இருவர் அவரை நாற்காலியோடு தூக்கி லிப்டுக்குள் வைத்தனர். மூன்று நாட்களும் அப்படியே. தம்மை ஒரு பொதியைப்போலத் தூக்குவதை அவர் சிரித்துக்கொண்டு சகித்தார். நாம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன்கீழ் வந்த 2006ஆம் ஆண்டின் அணுகல் ஒழுங்குவிதிகளும் மாற்றுத்திறனாளிகள் பொதுக் கட்டடங்களுக்குள் தடையின்றிச் செல்லும் உரிமையைப் பேசுகின்றன. போர் இத்தனை பேரை ஊனப்படுத்திய மண்ணில், அந்த உரிமையை வாயு மூலைக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார்கள்.

மேல்நாட்டு ஹோட்டல்களிலும் 13ஆம் மாடியைத் தவிர்க்கிறார்களே என்று சிலர் கேட்பர். உண்மை. ஆனால் அங்கே மாறுவது பொத்தானில் எழுதப்படும் இலக்கம் மட்டுமே. 12க்கு அடுத்து 14. மாடி அதே இடத்தில்தான் நிற்கின்றது. அந்த மூடநம்பிக்கைக்கு எவரும் படியேற வேண்டியதில்லை. இன்னும் சிலர், இடம் மாற்ற முடியாவிட்டால் பரிகாரம் உண்டு என்று செப்புத் தகடும் பிரமிட்டும் விற்கின்றனர். தகடு தோஷத்தைத் தீர்க்குமானால் முதலிலேயே தகட்டை வாங்கிக்கொண்டு லிப்டை அதன் இடத்தில் விட்டிருக்கலாமே? ஹோட்டல்காரரை மட்டும் குறைகூறுவதும் நியாயமன்று. தெலுங்கானாவின் தலைமைச் செயலகத்துக்கு வாஸ்து சரியில்லை என்று 2015இல் முதலமைச்சர் சந்திரசேகர் ராவே அறிவித்தார். பழைய கட்டடங்கள் 2020இல் இடிக்கப்பட்டன. புதியது 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஆட்சியை இழந்தார்.

நாள் பார்த்து அத்திவாரக் கல் நடுங்கள், பால் காய்ச்சுங்கள், லிப்ட் கதவுக்கு மாவிலை கட்டுங்கள். எவருக்கும் அதனால் கேடில்லை. ஆனால் லிப்ட் குழாயை நகர்த்தச் சொல்பவர் எவராயினும், மாநகர சபைக்குச் செல்லும் வரைபடத்தில் கட்டடக் கலைஞரினதும் பொறியியலாளரினதும் கையொப்பத்துக்குக் கீழே தமது பெயரையும் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று உரிமையாளர்கள் கேட்கட்டும். இந்த யோசனையை நான் அறிந்த இரண்டு நிபுணர்களிடம் சொன்னேன். ஒருவர், சாஸ்திரத்துக்குக் கையொப்பம் தேவையில்லை என்றார். மற்றவர் பேச்சை மாற்றிவிட்டார்.