என்ன விட்டனீங்கள்?

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கி, பொருளாதாரத் தடையும் வந்த பிறகு, யாழ்ப்பாணத்து மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடப் பழகின. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, உதைத்து ஸ்ராட் ஆக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு விடுவார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது பிளக்கைக் கரியாக்கும். ரிங்கைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஓயிலையும் தண்ணியாக்கும். பின்னால் வருகிறவர் பாடு புகையோடு.

கொடிகாமம் சந்தைக்குத் தேங்காய் கட்டிவந்த வண்டி வழியில் நின்றால் மெக்கானிக்கின் முதல் கேள்வி, “அண்ணை, இதுக்குள்ள என்ன விட்டனீங்கள்?” பிறகுதான் பிளக்கைக் கழற்றுவார். நுனி ஈரமாக இருந்தால் எண்ணெய் எரியவேயில்லை. காய்ந்த கரி படிந்திருந்தால் எண்ணெய் கூட, காற்றுக் குறைவு. ஓட்டினவரின் குறை நிறை எல்லாம் அதற்குப் பிறகு.

தானாக அடுத்த ரவையை ஏற்றிக்கொள்ளும் துவக்கும் ஒருவகை எஞ்சின்தான். இந்தியப் படை 1987இல் கொண்டுவந்த எஸ்.எல்.ஆர்., இலங்கைப் படையின் ரி-56 இரண்டையும் சத்தத்திலேயே பிரித்தறிந்த ஊர் இது. உள்ளே நடப்பதைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருந்தது? வெடித்த மருந்தின் வாயு பொறியைப் பின்னே தள்ளும், வெற்றுக்கோது வெளியே விழும், சுருள்வில் திரும்பி அடுத்த ரவையை ஏற்றும். எல்லாம் ஒரு கணக்கான வேகத்தில் நடக்கவேண்டும். மருந்து மாறினால் அந்தக் கணக்கும் மாறும்.

அமெரிக்கர் வியட்நாமுக்குக் கொண்டுபோன எம்-16க்கு நடந்தது இதுதான். யூஜின் ஸ்டோனர் அதை வடிவமைத்துச் சோதித்தது ஒருவகை வெடிமருந்தில். இராணுவம் 1960களின் நடுவில் வாங்கிப் போட்டது வேறொன்றை. புது மருந்தில் பொறி வேண்டியதைவிட விரைவாக ஓடியது, கரியும் கூடப் படிந்தது. ரவை உட்காரும் அறைக்குக் குரோமியப் பூச்சுக் கிடையாது. காட்டு ஈரத்தில் துருப்பிடித்தது. சுட்ட கோது உள்ளேயே இறுகிவிட, சண்டைக்கு நடுவே குழல் வாயால் கம்பியை விட்டுக் குத்தி எடுக்கவேண்டிய நிலை. துடைக்கிற சாமானும் போதியளவு கொடுபடவில்லை. இருந்தும் மேலிடம் சொன்னது, பெடியள் ஒழுங்காகத் துடைப்பதில்லை என்று!

எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். மண்ணெண்ணெய் விட்டது எங்களுக்கு வேறு வழியில்லாமல். அவர்களுக்கு அப்படி என்ன முடை? 1967இல் இகோர்ட் தலைமையிலான அமெரிக்கக் காங்கிரஸ் துணைக்குழு விசாரித்து, குற்றத்தை இராணுவ நிர்வாகத்தின் பக்கம் திருப்பியது. அறைக்குக் குரோமியம் பூசினார்கள், பொறியின் வேகத்தைக் குறைத்தார்கள். 1968இல் படக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரைக் கொண்டு, துவக்கைத் துடைப்பது எப்படி என்று படக்கதைப் புத்தகமே போட்டார்கள். மருந்தை மட்டும் பழையதற்கு மாற்றவில்லை. அந்த மருந்துக்கு ஏற்றபடி துவக்கைத்தான் மாற்றினார்கள்.

2005இல் நேபாள இராணுவம், மாவோயிஸ்டுகளுடனான சண்டையில் இந்தியாவின் இன்சாஸ் துவக்குகள் காலைவாரின என்று முறையிட்டது. பிழையான ரவையாக இருக்கலாம், பயிற்சிக் குறைவாக இருக்கலாம் என்று இந்தியத் தரப்பிலிருந்து பதில் வந்தது. முதற்பாதி எங்கள் மெக்கானிக்கின் கேள்விதான். ஆனால் அவர் அதைக் கேட்பது வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, பிளக்கைக் கையில் எடுக்கப் போகும்போது.